ஒரு மணிக் கட்டம்

டாப்ளர் கருவியில் குழந்தையின் துடிப்பு நூற்று நான்கு என்று வந்தது.

"வலி விடட்டும். மறுபடி பாரு" என்றாள் பொறுப்பு சிஸ்டர்.

ஜெபசெல்வி மறுபடி பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான செவிலியர். கருவியைக் கர்ப்பிணியின் வயிற்றில் அழுத்திப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி விட்டுருச்சு சிஸ்டர். ஏறல. நூறுதான் நிக்குது."

பிரசவ அறையில் ஏழு கட்டில்கள். ஏழிலும் வலி. செவிலியர் இரண்டே பேர். பொறுப்பு சிஸ்டர் காலை ஏழு மணியிலிருந்து உட்காரவில்லை.

கேஸ் ஷீட்டைத் திறந்தாள். குழந்தையின் துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை கேட்டு, கட்டத்தில் எழுத வேண்டும். நூற்றுப்பத்துக்குக் கீழே போனால் ஆபத்து.

பதினொன்றரை, 140.

பன்னிரண்டு, 138.

பன்னிரண்டரை, 144.

ஒன்று, 142.

இப்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

நான்கும் அவள் கையெழுத்து. முதல் எண்ணைக் கேட்டு எழுதினாள். மற்ற மூன்றையும் அப்போதே சேர்த்து எழுதிவிட்டாள். கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். எழுதிய எண்ணுக்காக இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் மெமோ வந்ததில்லை.

ஜெபசெல்வியும் ஷீட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்னரைக் கட்டம் காலியாத்தான இருக்கு சிஸ்டர். நூற அதுல போட்டுக்கிடலாம். டாக்டர்ட்ட இப்பத்தான் கொறஞ்சுதுன்னு சொல்லிருவோம்."

ஜெபசெல்வி உதவத்தான் பார்த்தாள்.

இப்படி எழுத யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூடவே நின்று கற்றுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டரக்கா, புள்ளைக்கு என்ன?" கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கினாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் போனது.

"துடிப்பு கொறையுதும்மா. டாக்டரக் கூப்பிடுதேன். இடப்பக்கமாத் திரும்பிப் படு."

தொலைபேசி அறையின் நடுவில், மேசைமேல் இருந்தது. அங்கே பேசினால் ஏழு கட்டிலுக்கும் கேட்கும்.

டாக்டர் ஒன்றுதான் கேட்டார். எவ்வளவு நேரமாக இப்படி?

இப்போதுதான் என்றால், கால் மணி நேரம் பார்க்கலாம் என்பார். மாடியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஏற்கெனவே வேறொருத்தியைப் படுக்க வைத்திருந்தார்கள்.

"தெரியாது டாக்டர்" என்றாள்.

"ஷீட்ல என்ன இருக்கு?"

"ஷீட்டப் பாக்காதீங்க. பதினொன்னரைக்குப் பெறகு யாரும் துடிப்பக் கேக்கல. இருக்கறது நானா எழுதுனது."

அறையில் யாரோ முனகுவதை நிறுத்தினார்கள்.



"உடனே மேல அனுப்புங்க. நீங்க அப்புறம் என்னை வந்து பாருங்க" என்றார்.

தள்ளுவண்டி போயிற்று. லிஃப்ட் கதவு மூடும்வரை கர்ப்பிணி சிஸ்டரின் விரலை விடவில்லை.

சிஸ்டர் திரும்பி வந்தாள். மற்ற ஆறு ஷீட்டுகளையும் புரட்டினாள். மணி இன்னும் ஒன்று ஆகவில்லை. ஆறிலும் ஒரு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது.

ஜெபசெல்வி டாப்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கட்டில் சிஸ்டர்?"

"ஒண்ணாம் கட்டில்லேர்ந்து கேட்டுட்டு வா."