நடுவில் ஓர் ஆள்

“பசிக்குதான்னு கேளு தாயே.”

மாமனார் சொன்னது மாதாவிடம். பதினான்காம் நூற்றாண்டு மாதா. பின்னால் தங்கப் பூச்சு, மடியில் குழந்தை, கனமான சட்டம் போட்ட ஓவியம்.

கேட்கச் சொன்னது மருமகனிடம்தான். அவன் பக்கத்திலேயே நின்றான்.

அவர் சம்மதம் இல்லாமல் எழிலரசியைக் கட்டியவன் அவன். அன்றிலிருந்து மனுஷர் அவனிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். ‘உப்பு வேணுமான்னு கேளு.’ ‘கதவைச் சாத்தச் சொல்லு.’ வியன்னாவுக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கியும் அதே கதைதான்.

நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார்.

அதற்குள் ஒரே ஒரு வார்த்தை நேராகப் பேசிவிட்டால் போதும். அவனுக்கு அவ்வளவுதான் ஆசை.

எழில் கெட்டிக்காரி. தலைவலி என்று படுத்துக்கொண்டு இருவரையும் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டாள். நடுவில் ஆள் இல்லாவிட்டால் அப்பா என்ன செய்வார், பார்க்கலாம் என்று.

அவர் அவளுக்கே அப்பா அல்லவா! சுவர் முழுக்க ஆள் பிடித்துவிட்டார்.

“பசியில்லைன்னு சொல்லுங்க, மாதாவே” என்றான் அவனும். வேறென்ன செய்ய!

பதினைந்தாம் நூற்றாண்டுக் கூடத்தில், கால் வலிப்பதை ஒரு பிஷப்பிடம் சொல்லியனுப்பினார். பதினாறில், குதிரைமேல் இருந்த ராஜாவை விட்டுத் தண்ணீர் பாட்டில் கேட்டார்.

பதினேழில் ஒரு மீன்காரி. அவளிடம் மட்டும் குரல் இறங்கியது.

“எம் பொண்ண நல்லாத்தாம்மா வச்சிருக்காரு.”

அவன் ஓர் அடி நெருங்கி நின்றான். ஆனால் அது மீன்காரிக்குச் சொன்னது. கணக்கில் சேராது.

அடுத்த கூடம்.

மாமனார் நிமிர்ந்தார். உடனே குனிந்தார்.

நாலு சுவரிலும் பெண்கள். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. ஒருத்தி குளிக்கிறாள். ஒருத்தி தூங்குகிறாள். ஒருத்தி ஒரு வேலையும் இல்லாமல் திராட்சை தின்கிறாள்.

அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கூட்டமே ஆற்றில் நின்றது.

மாமனாரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்க முடியுமா! அவனும் குனிந்துகொண்டான். இருவரும் தரையையே பார்த்தார்கள். நல்ல மரத் தரை.

மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. அடக்கிக்கொண்டு நிற்க முடியாது. கால் மாற்றி நின்றார். நெற்றியில் வேர்த்தது.

யாரை விட்டுக் கேட்பது? இந்தக் கோலத்தில் இருப்பவளைப் போய்த் தாயே என்று கூப்பிடுவதா?

கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, குனிந்த தலை நிமிராமல், அவன் முழங்கையைப் பிடித்தார்.

“மாப்ள... பாத்ரூம் எங்க இருக்கு?”

பத்தொன்பதாம் நூற்றாண்டை இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். அங்கே சுவரெல்லாம் கோட்டும் தொப்பியுமாகக் கண்ணியமான மனிதர்கள். பேசுவதற்கு வாகான முகங்கள்.

அவர் ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“இன்னும் எவ்வளவு தூரம், மாப்ள?”