தம்பி சன்னலுக்கு எதிரே

மேம்பாலத்தின் கடைசித் துண்டில் நான் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரை இறக்கியபோது, தம்பி சன்னலோரம் உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் அவனுக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருக்கும். மேம்பாலச் சாலை அவன் மூன்றாம் மாடிச் சன்னல் உயரத்தில்தான் ஓடியது. இருபத்திரண்டு வருடம் லாரிகள் அவன் தையல் மெஷினை உரசாத குறையாகப் போய்வந்தன.

இப்போது அந்தச் சாலையை இடித்துப் பூங்கா போடுகிறார்கள். இடிக்கிறவன் நான். உட்கார்ந்த இடத்திலேயே அதை அனுபவிக்கப்போகிறவன் அவன்.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

கிரேனுக்குக் கை காட்டுகிறவர் என் பக்கத்தில் நின்றார். எங்கள் கூட்டத்தில் மூத்தவர். வண்டு என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் கவசம் மாட்டாமல் காதைத் திறந்துபோட்டுக்கொண்டு பிரேக்கர் பிடித்தவர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தாலும், "எவன்டா அது இன்னும் ஓட்டுறது?" என்பார். காதுக்குள் ஒரு வண்டு குடியிருக்கிறதாம். வாடகை தருதாண்ணே என்று கேட்டுச் சிரிப்போம்.

கீழே தகர வேலியில் பூங்காவின் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். அதிலிருந்த ஒரு வரியையும் விடாமல் நின்று படித்தேன். மரங்கள், புல்வெளி, பலூனோடு ஒரு குழந்தை. பின்னால் எங்கள் கட்டடம். தம்பியின் சன்னலைக்கூட வரைந்திருந்தார்கள். அதில் பூந்தொட்டி வேறு! அவன் பூந்தொட்டி வைத்து நான் பார்த்ததில்லை. வைத்திருந்தாலும் புகையில் கருகியிருக்கும்.

என் சன்னல் கட்டடத்தின் முதுகில் இருக்கிறது. படத்தில் இல்லை.

அந்தப் பின்பக்கத்தை நானேதான் கேட்டு வாங்கினேன். அப்பா போன பிறகு வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிப் பிரித்தோம். என் மனைவி முழுகாமல் இருக்கிறாள், பிறக்கப்போகிற பிள்ளைக்கு இந்தச் சத்தம் ஆகாது என்றேன். தம்பி சரியென்றான். தான் தனிக்கட்டைதானே என்று தையல் மெஷினை இழுத்துச் சாலைப் பக்கம் போட்டுக்கொண்டான்.

என் மகள் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.

அவனுக்கும் எண்ணத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

பூங்கா என்று பேச்சு வந்ததிலிருந்து மனைவி ஓயவில்லை. "இடிக்கிறது நீங்க, காத்து வாங்குறது உங்க தம்பியா? நல்லாயிருக்குங்க உங்க கெட்டிக்காரத்தனம்!"

இத்தனை நாள் அவன் வீட்டை எட்டிப் பார்க்காத அக்கம்பக்கமெல்லாம் இப்போது அவன் சன்னலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறது. இனி அவனுக்குப் பெண்கூடக் கிடைத்துவிடும் என்று வேலையிடத்தில் என் காதுபடவே கிண்டல் செய்கிறார்கள்.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். எந்த முனையில் தொடங்கலாம் என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டார். தம்பி வீடு இருக்கும் முனையில் தொடங்கினால் லாரி வந்து திரும்ப வசதியாக இருந்திருக்கும். நான் மறுமுனையைக் காட்டினேன். எல்லார் வீட்டுக்கு எதிரேயும் வானம் திறந்த பிறகு, கடைசியாக அவனுக்குத் திறக்கட்டும். ஐந்து மாதம் அப்படி இழுத்தடித்தேன். அதற்குமேல் இழுக்கப் பாலம் இல்லை.

இந்த ஐந்து மாதமும் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் தம்பி ஒன்றையே கேட்டான். "சத்தம் எப்பண்ணே நிக்கும்?"

பிரேக்கர் எங்கோ அந்தக் கோடியில் ஓடுகிறது. வண்டிகளைத்தான் அடியோடு நிறுத்தியாயிற்றே, இவனுக்கு இங்கே என்ன கேடு என்று பற்றிக்கொண்டு வரும். துரைக்குப் பூங்காவில் காலாற நடக்க நேரமாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் பாட்டுக்குப் படியிறங்கிவிடுவேன்.

வண்டிகள் நின்ற நாளிலிருந்து ராத்திரி முழுக்க ரேடியோவையும் ஓடவிட்டான். அதில் பாட்டும் இருக்காது, பேச்சும் இருக்காது, வெறும் இரைச்சல். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கிடைத்த அமைதியை அனுபவிக்கத் தெரியாத கொழுப்பு என்று திரும்பிப் படுப்பேன்.

அந்தக் கடைசித் துண்டு விட்டுக்கொடுத்தது. நாங்கள் சாரத்துக்கு நகர்ந்தோம். கம்பிகளை அறுத்தார்கள். வண்டு கையைச் சுழற்ற, கிரேன் அதை மெல்லத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தது.

தம்பி சன்னலுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. தெருவின் மறுகோடிவரை வெறும் வெளி.

கிரேன் நின்றது. லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் காதுக் கவசத்தைக் கழற்றினேன்.

அந்தத் தெருவில் அப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை. நான்காம் மாடியில் யாரோ டம்ளரில் சர்க்கரை கலக்குவது கேட்டது. ஒரு குருவி ஏதோ சொல்லிவிட்டு நிறுத்தியது.

பொய் சொல்லி வாங்கிய என் பின்னறையில்கூட இந்த அமைதி இருந்ததில்லை. கடைசியில் இதுவும் அவனுக்கே போய்ச் சேர்ந்ததே என்று நெஞ்சு வெந்தது.

தம்பி மெஷினிலிருந்து காலை எடுத்தான். எழுந்துவந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். லாரிகள் ஓடிய காலத்தில் கத்துவானே, அப்படிக் கத்தினான்.

"அண்ணே, சத்தம் எப்பண்ணே நிக்கும்?"

நான் குனிந்து பிரேக்கரைப் பார்த்தேன். அணைந்துதான் கிடந்தது.

வண்டு என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிரேனுக்குக் காட்டுகிற கையை உயர்த்தி, ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

தம்பி ஆமாம் என்று தலையாட்டினான்.