நவரட்ணம் போகாத பூட்டான்

“புத்த கோயிலுக்கோ? நானோ? நல்ல கதை!”

நவரட்ணம் பேப்பரை மடித்து மேசையில் அடித்தார்.

மகள் சுபாங்கி டொரொண்டோவுக்குப் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து போனில் இருந்தாள். “அப்பா, அது ஸ்ரீலங்கா இல்லை. பூட்டான். டோட்டலி வேற கன்ட்ரி.”

“எந்த நாடெண்டாலும் உள்ளுக்கை இருக்கிறவர் ஒராள்தானே?”

மனைவி குணவதிக்குப் பொறுக்கவில்லை. “ஏன், கலவரத்திலை சிங்களவர் எங்கட வீட்டை எரிக்கேக்கை புத்தரே நெருப்புப்பெட்டியோட வந்து நிண்டவர்?”

பதில் இல்லாத கேள்வி வந்தால் நவரட்ணம் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினார்.

பூட்டான் ஆசை குணவதிக்கு இன்று நேற்று வந்ததல்ல. டவுன்டவுனில் அவள் துப்புரவு வேலை செய்த ஒபிசில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில், விழுத்திப் பார் என்று சவால் விடுவதுபோல் செங்குத்து மலையில் ஒட்டிக்கொண்டிருந்தது பூட்டானின் புத்த மடம் ஒன்று. குப்பைக்கூடையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மகள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே டூர் புக் பண்ணிவிட்டாள்.

மனிசன் மசியவில்லை. கடைசியில் அவருடைய இடத்தில் சிநேகிதி புனிதவதி போனாள். எயார்போர்ட்டுக்குக்கூட அவர் வரவில்லை.

“நீர் போறதெண்டால் போம். என்னைக் கேக்காதையும்.” அதோடு சரி.

பூட்டான் குணவதிக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. எந்த மடத்துக்குப் போனாலும் வழிகாட்டி இடமிருந்து வலமாகச் சுற்றச் சொன்னார். “எங்கட பிள்ளையாரைச் சுத்துறமாதிரித்தானடி,” என்றாள் புனிதவதி. வாய்க்கு உறைப்பாக ஒன்றும் கிடைக்காது என்று மிளகாய்த்தூளைப் பைக்குள் பொத்திக்கொண்டு போனவள் அவள். அங்கே முதல் சாப்பாட்டிலேயே மிளகாயையே கறியாக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு பேரும் கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள்.

ஆனாலும், மடங்களில் வரிசையாக இருந்த பிரார்த்தனை உருளைகளை உருட்டும்போதெல்லாம் குணவதி ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். ‘உம்மிலை இருக்கிற கோவம் போகாட்டிலும் பரவாயில்லை, புத்தரே. அந்த மனிசனுக்கு என்னிலை இருக்கிற கோவத்தையாவது ஆத்திவிடும்.’

ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகிற வழியில் மண் சரிந்துவிட்டது. இரண்டு நாள் ஒரு மடத்திலேயே தங்கவேண்டியதாயிற்று. போன் வேலை செய்யவில்லை. பாதை திறந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

“ஓ, இருக்கிறீரோ? சரி.” வைத்துவிட்டார்.

இருக்கிறீரோவாம், சரியாம்! மிச்சப் பயணம் முழுக்க அது அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

டொரொண்டோவில் வந்து இறங்கியபோது புனிதவதியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா பூங்கொத்தோடு நின்றார். நவரட்ணம் பெட்டி தள்ளுகிற வண்டிலோடு நின்றார். கொஞ்சம் மெலிந்துதான் இருந்தார். காரில் ஏறிய பிறகும் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குணவதியே தொடங்கினாள். “ரெண்டு நாள் என்னட்டை இருந்து ஒரு தகவலுமில்லை. பயப்படேல்லையோ?”

“நான் ஏன் பயப்பட? கிரிக்கெட் பாத்தன். நல்ல நித்திரை.”

“சாப்பாடு?”

“அதுக்கும் ஒரு குறையில்லை.”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வந்தது. நான் அங்கே மண்ணுக்குள் போயிருந்தாலும் இந்த மனிசன் ஸ்கோர்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பார்க்டேல் பகுதியில் அவர்கள் இருக்கிற கட்டடத்தில் இப்போது பாதிப் பேர் திபெத்தியர்கள். தெருமுனையில் அவர்களுக்கென்று ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு இருவரும் கட்டடத்துக்குள் நுழைந்தபோது, அந்தக் கோயிலின் வயதான பிக்கு யாரையோ பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

 காவியைக் கண்டால் கணவனின் முகம் எப்படிப் போகும் என்று குணவதிக்குத் தெரியும். களைத்து வந்த நேரத்தில் இது வேறா என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முகம் மாறத்தான் செய்தது. ஆனால் அது களவாகச் சீனி தின்று பிடிபட்ட பிள்ளையின் முகமாக இருந்தது.

பிக்கு அவரைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். பிறகு குணவதியைப் பார்த்துக் கைகூப்பி, ஆங்கிலத்தில் பேசினார்.

“வந்துவிட்டீர்களா அம்மா? நல்லது, நல்லது. அந்த இரண்டு நாளும் உங்கள் கணவர் எங்கள் கோயிலை விட்டு அசையவில்லை. தேநீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. விளக்கேற்றுவார், அழுவார். திரும்ப விளக்கேற்றுவார். இனியாவது ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்.”

அவர் போய்விட்டார். நவரட்ணம் பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சாருங்கோ, நீங்களோ?” குணவதிக்கு நம்ப முடியவில்லை. “புத்த கோயிலுக்கையோ?”

“வேற என்ன செய்யச் சொல்லுறீர்?” அவருக்கு இப்போதும் கோபம்தான் வந்தது. குரல்தான் உடைந்துபோயிருந்தது. “மண் சரிஞ்ச செய்தி கேட்ட இரவு முழுக்க முருகனிட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனன். பிறகுதான் விளங்கிச்சுது. நீர் நிண்டது புத்தரின்ரை இடத்திலையெல்லோ? அப்ப உம்மைத் திருப்பித் தரச்சொல்லி அவரிட்டைத்தானே கேக்கவேணும்!”