வெள்ளை வரும் இடங்கள்

சோப்பு விளம்பரத்தின் பாட்டு தொடங்கியது.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். சேனல் மாறியது.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கொடி நிறைய வெள்ளை வேட்டிகள் பறந்திருக்கும். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிளாஸ்மா டீவி முழுக்க வெள்ளையாகியிருக்கும்.

வெள்ளையில்தான் அவர் தெரிவார்.

சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மகள் சுபிக்ஷா உட்கார்ந்திருந்தாள். ஏன் மாற்றினாய் என்று கேட்கவில்லை. புதுச் சேனலில் ஒரு கரடி தேன்கூட்டோடு மரத்திலிருந்து விழுந்தது. சுபிக்ஷா சிரித்தாள். வாய்விட்டு, பல் விழுந்த இடம் தெரிய.

இந்தச் சிரிப்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

அவர் இருந்தவரை இந்தக் கூடத்தில் வேறு யாரும் சிரித்ததில்லை.

டீவி அவர் ஆசைப்பட்டு வாங்கியது. படுக்க வைத்தால் உள்ளே கண்ணாடி விரிந்துபோகும் என்று அவர் தெருவிலிருந்தே கத்த, ஆட்கள் அதை நட்டமாகவே தூக்கி வந்தார்கள். அவளுடைய தையல் மெஷின் பின்கட்டுக்குப் போனது. அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய டீவி வேறு யார் வீட்டிலும் இல்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் காபி கொடுத்தாள்.

அவர்கள் போனதும் கதவு சாத்தப்படும்.

வால்யூம் கூடும்.

அதன் பிறகு வீட்டில் நடப்பது எதுவும் தெருவுக்குக் கேட்காது.

ரிமோட் அவர் கையை விட்டு ஒருமுறைதான் போனது. நேராக அவள் புருவத்துக்கு வந்தது. பின்மூடி அன்றைக்கு உடைந்தது. பேட்டரி விழாமலிருக்கப் போட்ட ரப்பர் பேண்ட் இன்னும் இருக்கிறது.

பிறகு ஒருநாள் பைக்கில் போனவர் திரும்பி வரவில்லை.

சட்டம் போட்ட படம் ஸ்டுடியோவிலிருந்து வரத் தாமதமானது. நாத்தனார் சகுந்தலா ஒரு பென்டிரைவைக் கொடுத்தாள். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை. நேராகப் பார்க்கிற பார்வை. அதை டீவியில் போட்டு, டீவிக்கே மாலையும் போட்டார்கள். கீழே காமாட்சி விளக்கு.

படுக்கப் போகும்முன் அவள் டீவியை அணைக்கப் போனாள். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாறு வரைக்கும் வெளக்கு அணையக் கூடாது. எங்கண்ணன் மூஞ்சிய மட்டும் அணைச்சுப்போடுவியா?"

அணைக்கவில்லை.

இரவும் பகலும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரியம் முடிந்தது. மாலையை எடுத்தார்கள். படத்தை எடுத்தார்கள்.

அவர் போகவில்லை.

நெகட்டிவைப் போல இருந்தார். வெள்ளைச் சட்டை கறுத்து, கறுத்த மீசை வெளுத்து. இருட்டான காட்சிகளில் ஒளிந்துகொள்வார். பால், பனி, ஆஸ்பத்திரிச் சுவர். உடனே வந்துவிடுவார்.

மெக்கானிக் வந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"பயந்துக்காதீங்க்கா. ஒரே படத்த நாளெல்லாம் வெச்சா பிளாஸ்மாவுல சுட்டுப் பதிஞ்சுரும். வெறும் வெள்ளைய ஓட விடுங்க, மங்கும். பூராப் போயிருமான்னு மட்டும் கேக்காதீங்க."

டீவியைக் கொடுத்துவிடலாமா என்று நாத்தனாரிடம் கேட்டுப் பார்த்தாள். அண்ணன் ஆசையாக வாங்கியது, அசைக்கக் கூடாது என்றுவிட்டாள். வீடு நாத்தனாருடையது.

அதனால் சுபிக்ஷா பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளையை ஓட விட்டாள்.

மருந்து அதுதான். அந்த மருந்தில்தான் அவர் முழுதாக இருந்தார்.

டீவிக்கு முதுகு காட்டாமல் கூட்டினாள். முதுகு காட்டாமல் துணி மடித்தாள். பேசும்போது முதுகு காட்டினால் அவருக்குப் பிடிக்காது.

மங்குகிறதா? சில நாள் மங்கினாற்போல் இருக்கும். மீசைதான் முதலில் போகிறது என்று தோன்றும். மறுநாள் பார்த்தால் இருக்கும். தன் கண்ணையே அவள் நம்பவில்லை.

பள்ளி வேன் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவாள். முகம் கழுவிக்கொள்வாள்.

குழந்தைக்குத் தெரியாது.

அது போதும்.

கரடியைப் பார்த்துச் சுபிக்ஷா சிரித்ததற்கு மறுநாள் மாலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மாவை ஊற்றிய பிறகுதான் இடது கை வெறுமையாக இருப்பது உறைத்தது. ரிமோட்டைக் கூடத்திலேயே விட்டு வந்திருந்தாள்.

அந்தப் பாட்டு தொடங்கியது.

கரண்டியோடு ஓடினாள்.

நிலைப்படிக்கு வருவதற்குள் பாட்டு அறுந்துவிட்டது.

சுபிக்ஷாவின் கையில் ரிமோட் இருந்தது. ரப்பர் பேண்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் இன்னும் பொத்தானை விடவில்லை. கால்கள் சோபாவிலிருந்து இறங்கி, தரையில், ஒட்டினாற்போல் சேர்ந்திருந்தன.

காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை.

திரையில் ஒரு பெண் இன்றைய தங்கம் விலையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சுபிக்ஷா சிரிக்கத் தொடங்கினாள். வாய்விட்டு.

அடுக்களையில் தோசை கருகியது.