நின்றுபோன கரண்ட் பில்

“பணம் கட்ட வரலைம்மா. பணம் கட்டினது யாருன்னு கேக்க வந்தேன்.”

பேங்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கவுன்ட்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தையல் மிஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் பணம்மா?”

“எங்க வீட்டு கரண்ட் பில். ஏழு வருஷமா பில் வந்தா யாரோ கட்டிடறாங்க. நான் போய் நின்னா, ‘ஏற்கெனவே கட்டியாச்சு’ம்பாங்க. இந்த மாசம் கெடு தாண்டியும் கட்டலை. கரண்டைப் புடுங்கப் போறோம்னு நேத்து ஆள் வந்துட்டான். கரண்ட் ஆபீஸ்ல விசாரிச்சா, இத்தனை நாளும் இந்த பேங்க் கார்டுலேர்ந்துதான் பணம் வந்துச்சுன்னாங்க.”

“யார் கட்டறாங்கன்னு உங்களுக்கே தெரியாதா?”

“தெரியும். எம் பையன்தான்.” அவள் குரல் இறங்கியது. “வீட்ல இருந்தப்போ கரண்ட் பில் அவன் பொறுப்பு. ‘நீ தைச்சு சேக்கறதைத் தொடாதேம்மா, இதை நான் பாத்துக்கறேன்’ம்பான். ஒருநாள் அப்பாவுக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை முத்திப் போச்சு. கட்டின துணியோட கிளம்பினவன்தான். ஒரு போன் கிடையாது, ஒரு தகவல் கிடையாது. ஆனா அடுத்த மாசம் பாத்தா பில் கட்டியிருந்துச்சு!”

“போனவன் போய்ட்டான். அதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?” என்றார் கணவர், சுவரைப் பார்த்தே. “எழுந்து வா. நம்மளை நினைக்கிறவனா இருந்தா நேர்ல வந்திருப்பான். இனிமே அவன் வரவும் மாட்டான்.”

“இவரை நான் கூப்பிடவே இல்லைம்மா. வம்படியா கூட வந்துட்டு, வந்ததுலேர்ந்து எழுந்து வா, எழுந்து வாங்கறார்.” அவள் கண்ணாடியை ஒட்டி நெருங்கினாள். “பில் கட்டியாச்சுன்னு கேட்டாத்தான், புள்ளை எங்கேயோ நல்லா இருக்கான்னு எனக்குச் சோறு இறங்கும். இப்போ நின்னு போச்சு. அவனுக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு...”

“அய்யோ, அப்படியெல்லாம் நினைக்காதீங்க. எங்க பேங்க்ல விதியை மாத்திட்டாங்கம்மா. கார்டுலேர்ந்து தானாப் போயிட்டிருந்த பில் எல்லாத்தையும் போன மாசத்தோட நிறுத்திட்டோம். கார்டு வச்சிருக்கறவங்க திரும்பவும் சம்மதம் சொல்லிப் பதிவு பண்ணினாத்தான் பணம் போகும். நிறைய பேருக்கு இது தெரியலை. காலையிலேர்ந்து இதே கேள்விதான்.”

“அப்போ அவன் நல்லா இருக்கான்ல?”

கவுன்ட்டர் பெண் தயங்கினாள். “கார்டு யாரோடதுன்னு நாங்க வெளியே சொல்லக் கூடாதும்மா.”

“பேர் வேண்டாம், விலாசம் வேண்டாம். ஆள் நல்லா இருக்கானா, அதை மட்டும் பாத்துச் சொல்லு தாயி.”

பின்னால் வரிசையில் நின்றவர் பொறுமையில்லாமல் செருமினார். கவுன்ட்டர் பெண் அவரை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்லிவிட்டு, மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினாள். திரையில் கணக்கு விரிந்தது. கையெழுத்து. அதன் மேலே புகைப்படம். அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“என்னம்மா? ஏன் பேசமாட்டேங்கற?” தையல்கார அம்மாளின் கை நாடாவை இறுகப் பிடித்தது.

“ஒண்ணுமில்லைம்மா. கார்டுக்காரர் நல்லா இருக்கார். கண்ணால பாத்த மாதிரி சொல்றேன், நல்லா இருக்கார். விதி மாறினது தெரியாம விட்டிருக்கார், அவ்வளவுதான். இன்னிக்கே பதிவாயிடும்.”

“நிஜமாவா?”

“நிஜமா. சாயந்திரத்துக்குள்ள பில் கட்டியாயிடும். நீங்க தைரியமாப் போய் மிஷினை ஓட்டுங்க.”

அந்த அம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணவர் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்கல்ல? எம் புள்ளை மறக்கலை. நீங்கதான் கல்லு மாதிரி இருக்கீங்க, ஏழு வருஷமா அவன் பேரைக்கூட வாயால சொல்லலை.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் ஓரம் இருந்த குழாயில் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவள் நகரும்வரை காத்திருந்த கவுன்ட்டர் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

கணவரின் சட்டைப் பையில் போன் ‘டிங்’ என்றது.

அவர் சட்டென்று பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார்.

“ஐயா,” என்றாள் கவுன்ட்டர் பெண், தாழ்ந்த குரலில். “பதிவு பண்ண மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும். மெதுவாச் சொல்லுங்க. அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.”

அவர் எழுந்து வந்து, போனைக் கண்ணருகே பிடித்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக முணுமுணுத்தார்.

“இது இனிமே எத்தனை நாளைக்குப் போகும்மா?”

“உங்க கார்டு முடியற வரைக்கும். இன்னும் நாலு வருஷம்.”

“போதும்மா,” என்றார் அவர். “அதுக்குள்ள அவனே வந்துடுவான்.”