தீவின் உள்பக்கம்

“ஒன்பது மணிக்கு மேல தண்ணி ஏற ஆரம்பிச்சிடும் மாப்பிள்ளை. எட்டரைக்கே நாம படகுல உக்காந்துடணும்” என்றார் மாமனார், வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டே.

“சரி மாமா” என்றான் மருமகன்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. பக்கெட் நிரம்பி வழிந்தாலே இரண்டடி பின்வாங்கும் ரகம்.

ஆனால் அதைச் சொல்கிற நிலைமையில் அவன் இல்லை. மாமனார் முப்பத்தைந்து வருடம் நில அளவையராக இருந்தவர். மருமகனோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். இரண்டு வருடம் முன்பு அவர் கண்ணைச் சோதித்தவன் சும்மா இருக்கக்கூடாதா? “இந்தப் பார்வைக்கு, ஊர்ல பாதி நிலத்தைத் தப்பாத்தான் அளந்திருப்பீங்க மாமா” என்று சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு ஜோக் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. நுணலும் தன் வாயால் கெடும்.

மூன்று வாரம் முன்பு மனைவிதான் ஆரம்பித்தாள். “அப்பாவுக்குக் கயாக்ல போகணும்னு கொள்ளை ஆசைங்க. ரெண்டு பேர் உக்காந்து துடுப்பு போடற படகு. மாப்பிள்ளை கூட வந்தா போவேன்கறார். நீங்க மாட்டேன்னா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டார். ஞாயித்துக்கிழமை ஒண்ணு பார்த்து நானே புக் பண்ணிடறேன்.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வரைபடம் விரிந்தது. மாமனார் பேசினார். கடலைப் பற்றி, காற்றைப் பற்றி, தான் அளந்த ஏரிகளைப் பற்றி. மருமகனுக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது. படகுதான் பிடிக்கவில்லை.

“காத்து பலமா இருந்தா என்ன பண்றது மாமா?” என்றான் நப்பாசையோடு.

“நாம போறது தீவோட உள்பக்கம், ஊரைப் பார்த்த பக்கம். வெளிக்கடல் காத்தை மலை மறைச்சிடும். கரையை விட்டு அம்பது மீட்டர் தாண்டப் போறதில்லை.”

“ஒருவேளை கவுந்துட்டா?”

“லைஃப் ஜாக்கெட் மிதக்கும்.”

“நாம?”

“ஜாக்கெட்டுக்குள்ளதானே இருப்போம்?”

மருமகன் பேச்சை மாற்றினான். “முன்னாடி யாரு உக்கார்றது?”

“நீங்கதான். உங்களுக்குத்தான் பார்வை நல்லா இருக்கு” என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். இனிமேல் தாங்காது, மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தான்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன் மாமா.”

சமையலறை வாசலிலேயே மாமியாரின் குரல் அவனை நிறுத்தியது.

“நாளைக்கு மறுநாள் ஞாயிறுடி. இன்னும் நீ படகு புக் பண்ணலையா?”

“எதுக்கும்மா? ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஆசையும் கிடையாது. அப்பாவுக்கு ஆசைன்னு இவர்கிட்ட சொன்னேன், இவருக்கு ஆசைன்னு அப்பாகிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழமை பலத்த காத்து, படகு கேன்சல்னு நாளைக்குச் சொல்லிட்டா முடிஞ்சுது. அடுத்த மாசத்துக்கு மலையேறுறது வச்சிருக்கேன்.”

“விஷயம் தெரிஞ்சா உங்கப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரேடி!”

மருமகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு வேறொரு பயமும் வந்தது. மாமாவிடம் இதைச் சொன்னால் வரைபடத்தை மடித்துவிடுவார். அப்புறம் பழையபடி மௌனம்தான். இந்த மூன்று வாரத்தை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை. மூச்சுக்கூட விடாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எதுல விட்டோம் மாமா?”

மாமனார் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்க காதுலயும் விழுந்துடுச்சா? எனக்குப் போன வாரமே விழுந்துடுச்சு மாப்பிள்ளை. அதை விடுங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கரையில ஒதுங்கறதுன்னு இன்னும் முடிவாகலை.”