விளிம்பு விளைவு

ஆவுடைநாயகி எதையும் விளிம்பில்தான் பிடிப்பாள். மூக்குக்கண்ணாடியை, தம்ளரை, பிறர் நீட்டும் புகைப்படத்தை. ஒளியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி அறுக்கும் பணியில் படிந்த பழக்கம். ஓய்வுபெற்ற பின்னும் அது விரல்களை விட்டு நீங்கவில்லை.

இப்போதும் அவ்வாறே பிடித்திருந்தாள். அஞ்சல்தலை அளவேயுள்ள ஒரு கண்ணாடி.

பார்வைக்கு அதில் ஒன்றும் இல்லை.

லேசர் விளக்கை அதன் பின்னே வைத்து அழுத்தினாள்.

ஒற்றைச் சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களின் விளிம்புகளில் வளைந்து, பலவாய்ப் பிரிந்து, எதிர்ச்சுவரில் புள்ளிகளாய் நின்றது. புள்ளிகள் கூடி ஓர் 'ஆ'.

அதன் கீழே, தலைகீழாய், இன்னோர் 'ஆ'.

மணமான புதிதில் சிதம்பரநாதன் கணக்கிட்டுப் பொறித்தது. ஒரே ஆழத்தில் பள்ளம் வெட்டினால் உருவத்தோடு அதன் தலைகீழ் இரட்டையும் வந்து நிற்கும். அவர் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடந்தான் அது. மனைவியின் பெயரை எழுதும் அவசரத்தில் மறந்துபோனார்.

ஆய்வுக்கூடமே சிரித்தது. அவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நேரா நிக்கது நீ. தலைகீழா நிக்கது நான். இருந்துட்டுப் போட்டும்."

அவர் மறைந்து ஓராண்டாயிற்று.

மேசைமேல் கைப்பேசி. மகள்கள் இருவரும் ஒரே அழைப்பில்.

"அப்பா வாட்ச் அக்காட்ட இருக்குல்லா? அந்த எழுத்துக் கண்ணாடி எனக்குத்தாம்மா," என்றாள் இளையவள் சிவகாமி.

"ஏட்டி, அப்பாவக் கண்ணாடிக் கிறுக்குன்னு சொன்னவ நீதான? இப்ப என்ன பாசம் பொங்குது?" என்றாள் மூத்தவள் பகவதி.

"நீ சும்மா கெட. அம்மா, நீங்களே சொல்லுங்க. அவளுக்கா, எனக்கா?"

கேள்வியில் இரண்டு பேரே இருந்தனர்.

யாருக்குக் கொடுத்தாலும் மற்றவள் பேச்சை நிறுத்திவிடுவாள். யாருக்குக் கொடுத்தாலும் இந்தச் சுவர் வெறுஞ்சுவராகிவிடும்.

அவள் கண்ணாடியை மெல்ல நகர்த்தினாள். கதிர் அதன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சென்றது.

சுவரில் எழுத்து அசையவேயில்லை.

பாயில் பூ நெய்வதுபோல, ஒரே சிறு வடிவத்தை அவர் கண்ணாடி முழுவதும் திரும்பத் திரும்பப் பொறித்திருந்தார். எந்த மூலையிலும் முழு எழுத்தும் இருந்தது. நேராய் அவளும் தலைகீழாய் அவரும் இருந்தனர்.

அறுப்பதையே தொழிலாகக் கொண்டவள், இதன்மீது மட்டும் ஒருநாளும் வைரமுனையை வைத்ததில்லை.

விளக்கை அணைத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து வைரமுனையை எடுத்தாள். அளவுகோலையும் எடுத்தாள்.

"அறுத்துத் தாரேன்."

"ஐயோ, அப்பா எழுதுனது போயிருமே!" இரு குரல்களும் முதன்முறையாக ஒன்றாய் எழுந்தன.

"போகாது."

பிறகு பகவதி கேட்டாள்.

"சரிபாதியா ரெண்டாவாம்மா?"

ஆவுடைநாயகி கண்ணாடியின் மேல் அளவுகோலைப் பொருத்தினாள்.

"மூணா," என்றாள்.